பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

படகுக்குள் தண்ணீர் நிற்கிறது, பம்பு ஓடவில்லை என்றால் நம்ம ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கு ரிப்பேர் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அது ரிப்பேரே இல்லை என்பது என் கட்சி. முப்பது வருடத்துக்கு மேல் லாஞ்சுகளிலும் படகுகளிலும் வயர் இழுத்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "செத்துப்போச்சு" என்று என்னிடம் கொண்டுவந்த பில்ஜ் பம்புகளில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்தன.

கடல் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வரி. படகின் ஆகக் கீழ்ப் பள்ளத்தில் கசிவு நீர், அலை நீர், ஐஸ் கரைந்த நீர் எல்லாம் வந்து சேரும். அதை வெளியே தள்ளுகிற, டீ டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார்தான் பில்ஜ் பம்பு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பக்கத்தில் ஒரு மிதவை சுவிட்ச் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு ஓடும்.

என் அக்காள் மகன், எனக்கு மருமகன் முறை, தெரஸ்புரத்தில் டீசல் எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். பதினான்கு மாதத்தில் மூன்று பம்பு மாற்றியிருந்தார். மூன்றாவது மாட்டிய ஐந்தாம் வாரம், கச்சான் காற்று வலுத்த ஒரு ராத்திரி, கரையிலிருந்து பதினைந்து கடல் மைல் தள்ளி, பம்பு நின்றுவிட்டது. எஞ்சின் ஃப்ளைவீல் தண்ணீரை வாரி அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் அவர்களுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். அடி வெட்டிய எண்ணெய் கேன்களால் இரண்டரை மணி நேரம் மாறி மாறி இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள்.

மறுநாள் என்னிடம் வந்து அவர் கேட்ட கேள்வி: "மாமா, இதைவிடப் பெரிய பம்பு எது? கடைக்காரர் ரெண்டாயிரம் கேலன் போடச் சொல்றாரு."

எனக்கு வந்த கோபம் அவர் மேல் அல்ல. மூன்று தடவையும் அதே கடை, அதே மெக்கானிக். ஒரு தடவைகூட "ஏன் நின்றது?" என்று யாரும் கேட்கவில்லை. பம்பு விற்றால் லாபம், ஜாயின்ட்டைச் சுரண்டிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

பம்பைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பழைய பம்பைக் கழற்றி ஒரு பக்கெட் தண்ணீரில் வையுங்கள். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொண்டுவந்து தொடுங்கள். பழுப்பு வயர் பிளஸ், கறுப்பு மைனஸ். ஓடினால் பம்பு நிரபராதி. கூண்டுக்குள் இருக்கும் சக்கரத்தில் நைலான் நூலும் மீன் செதிலும் சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி தொடுங்கள். மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அது எழும்பாமலே கிடக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகும் ஓடாத பம்பைத்தான் செத்தது என்று சொல்ல வேண்டும்.

மருமகனின் பம்பு பக்கெட்டில் ஜம்மென்று ஓடியது. பிறகு வள்ளத்திலேயே, பம்பு ஓடும்போது மீட்டர் வைத்தேன். ஓடும்போது என்பது முக்கியம், சும்மா இருக்கும்போது வைத்தால் மீட்டர் பொய் சொல்லும். பேட்டரி முனையில் 12.5 வோல்ட். பம்பு முனையில் 9.6. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட்டை யார் தின்றது? ஒரு ஜாயின்ட். வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, தண்ணீர் நிற்கும் பள்ளத்திலேயே போட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடி கொட்டியது. மேல் உறையைச் சீவச் சீவ ஒரு முழம் வரைக்கும் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. மூன்று பம்பையும் அந்த அழுகிய வயரிலேயே வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், தண்ணீர் குறைவாகப் போகும். பலமும் குறைவதால் சின்ன நூல் மாட்டினாலும் நின்றுவிடும். நின்ற மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிட அதிக கரண்டை இழுத்துச் சூடாகும். அப்போது காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அங்கே என்ன இருந்தது தெரியுமா? செம்புக் கம்பி. அந்தக் காலத்தில் வீட்டு மெயினில் ஃபியூஸ் போனால் கம்பி இழை சுற்றுவோமே, அதேதான். பம்பின் உடம்பிலேயே எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று அச்சடித்திருக்கும். அதைப் படிக்க ஆளில்லை.

அடுத்தது இந்த "ரெண்டாயிரம் கேலன்" வித்தை. பெட்டியில் போட்டிருப்பது அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். ஆயிரம் கேலன் பம்பு என்றால் மணிக்கு 3,785 லிட்டர். ஆனால் அது தண்ணீரை ஒரு சாண்கூட மேலே தூக்காமல், பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது அளந்த கணக்கு. நம் படகில் நாலடி உயரம் தூக்க வேண்டும், சுருள் சுருளாக வரி விழுந்த ஹோஸ் வழியாகப் போக வேண்டும், நடுவில் இரண்டு திருப்பம் வேறு. கடையில் வாங்கிய கேலன் கடலில் கிடைக்காது. பெரிய பம்பு அதிகக் கரண்டை இழுக்கும், அதே மெல்லிய வயரில் மாட்டினால் வோல்டேஜ் இன்னும் விழும். உள்பக்கம் வழவழப்பான ஹோஸ், குறைந்த திருப்பம், தடித்த வயர், இவற்றுக்குச் செலவழித்தால் சின்ன பம்பே நன்றாக வேலை செய்யும். ஹோஸின் வாய் வெளியே எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஐஸும் மீனும் ஏற்றிப் படகு அமிழ்ந்தபின் அந்த வாய் தண்ணீருக்குள் போனால், பம்பு நின்றதும் கடல் அதே வழியாக உள்ளே வரும்.

சிலர் கேட்பார்கள்: "கடல்ல மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? ஒரு நாள் தொழில் போனா நீரா தருவீரு?" நியாயம்தான். கடலில் மாற்று பம்பு ஒன்று இருக்கட்டும், அவசரத்துக்கு மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? நான் பேசுவது கரைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. அவசரத்துக்கு மாட்டியதையே தீர்வென்று விட்டுவிட்டு மறுநாள் கடலுக்குப் போகிறார்களே, அதைப் பற்றி.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை யாரும் கேட்கவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் இங்கிருந்து பாய்த்தோணி போன காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கைப்பம்பை ஆள் மாற்றி ஆள் அடிப்பார்கள். கஷ்டம்தான், ஆனால் எத்தனை அடியில் தண்ணீர் வற்றும் என்பது அடிக்கிறவன் தோளுக்குத் தெரியும். நேற்றைவிட இன்று ஐம்பது அடி கூடுதல் என்றால் தண்டலிடம் சொல்வான். கரை சேர்ந்ததும் பலகை இடுக்குகளில் கலப்பத்து அடிக்க ஆள் வருவார். தானியங்கி பம்பு யாரிடமும் எதையும் சொல்லாது. கசிவு பத்து மடங்கானாலும் அதுபாட்டுக்கு இறைத்து ஊற்றிக்கொண்டிருக்கும், தான் நிற்கிற ராத்திரி வரைக்கும்.

மருமகன் வள்ளத்தில் சேர்ந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஆகவே ஐஸ் தண்ணீர் இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் பேக்கிங்கைப் பார்த்தேன், சொட்டு அளவோடுதான் இருந்தது. பிறகு பம்பைத் தூக்கிவிட்டு அடியைத் துடைத்தேன். மூன்று பம்பு, மூன்று மாடல், ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூ இடம் வேறு. ஃபைபரில் நேராக ஒரு அங்குல ஸ்க்ரூ இறக்கியிருந்தார்கள். பழைய ஓட்டைகளில் ஏதோ பசையை அப்பியிருந்தார்கள். இரண்டில் அது பெயர்ந்துவிட்டது. வள்ளத்தைக் கரையேற்றிப் பார்த்தபோது வெளிப்பக்கம் ஸ்க்ரூ முனை விரலில் குத்தியது.

நாலு மில்லிமீட்டர் ஓட்டை நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருந்தால் மணிக்கு சுமார் 65 லிட்டர் உள்ளே வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை டன். தண்ணீரை வெளியேற்ற மாட்டிய பம்பே தண்ணீருக்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறது.

ஓட்டைகளைச் சுரண்டி ஃபைபர் வைத்து அடைத்தோம். அடியில் ஒரு பலகைத் துண்டை ஃபைபர் போட்டு மூடி ஒட்டி, குட்டை ஸ்க்ரூவால் பம்பின் கூண்டை அந்தப் பலகையில் மட்டும் பிடித்தோம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், ஜாயின்ட் முழுவதும் தண்ணீர் எட்டாத உயரத்தில், அதன் மேல் உள்ளே பசை வைத்த சுருங்கும் குழாய். மெயின் சுவிட்சை நம்பாமல் பேட்டரியிலிருந்து தனி லைன், சரியான ஃபியூஸ். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் படகுதான் ஜெட்டியிலேயே மூழ்குகிறது. பம்பு ஓடும்போதெல்லாம் எரிகிற மாதிரி சுக்கான் பிடிப்பவர் கண்ணெதிரே ஒரு சின்ன சிவப்பு விளக்கும் போட்டுக் கொடுத்தேன். அடிக்கடி எரிந்தால் கசிவைத் தேட வேண்டும். எரிந்தது அணையவே இல்லை என்றால் மிதவை மாட்டிக்கொண்டது, பேட்டரி காலியாகப் போகிறது.

மொத்தச் செலவு ஒரு பம்பு விலையைவிடக் குறைவு. வள்ளத்தில் இப்போது இருப்பது மூன்றாவதாக வாங்கிய அதே பம்பு. முதல் இரண்டையும் மெக்கானிக் பழைய இரும்புச் சாக்கில் போட்டிருந்தார், கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றில் மோட்டார் நிஜமாகவே எரிந்திருந்தது. இன்னொன்று ஓடுகிறது. போன வாரம் எங்கள் வீட்டுத் தரைத் தொட்டியைக் கழுவ அதைத்தான் போட்டோம்.