சாட்டை போர்க்கருவியா? பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம்!



நம் தமிழ்ப்பள்ளிகளில் சிலம்பம் கற்பிக்கப்படுவது பெருமைக்குரியது. ஆயினும், அண்மைக் காலமாக அதனோடு ஒரு பேச்சும் சேர்ந்து வருகின்றது. 'சாட்டை நம் முன்னோரின் போர்க்கருவி. கோலைவிட வலிமையானது. தற்காப்புக்காக அதனையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்' என்கின்றனர். இக்கருத்தை நான் முற்றாக மறுக்கின்றேன்.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். சாட்டை கைப்பிடிப் பக்கம் தடித்தும் நுனிப் பக்கம் மெலிந்தும் இருக்கும். வீசும்பொழுது எழும் சுருள் நுனியை நோக்கி ஓடுகின்றது. எடை குறையக் குறைய வேகம் கூடுகின்றது. முடிவில், வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்னும் ஒலியின் வேகத்தையே அது கடந்துவிடுகின்றது. 'பட்டீர்' என்னும் ஓசை அதனால்தான் எழுகின்றது. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2002-இல் இதனைக் கணித வழியாக விளக்கினர். ஆக, நாம் கேட்டு மிரள்வது அடி விழுந்த ஓசையன்று. காற்றில் எழுந்த அதிர்வின் ஓசை. அத்துணை வேகத்தில் பாயும் நுனியின் எடையோ மிகச் சொற்பம். அது தோலைக் கிழிக்கும், கண்ணைக் குருடாக்கும். ஆனால், பாய்ந்து வருகின்ற ஒருவனைத் தடுத்து நிறுத்தாது.

அடுத்து, களத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று மீட்டர் சாட்டைக்கு முழு வேகம் அதன் கோடியில்தான் கிட்டும். எதிரி இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டால் அது வெறும் கயிறு. ஒருமுறை வீசிவிட்டால் மீண்டும் இழுத்து வீச நேரம் வேண்டும். வருகின்ற அடியை அதனால் தடுக்கவும் முடியாது. பக்கத்தில் நிற்கும் தோழனுக்கும் ஆபத்து. சிலம்பக் கோலோ தடுக்கும், குத்தும், அடிக்கும். இரு முனையும் பயன்படும்.

'முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் மத்திகை வைத்திருந்தனரே!' என்று சிலர் கேட்கலாம். மத்திகை என்பது குதிரையை ஓட்டும் சவுக்கு. புறப்பாடல்கள் போற்றுவன வேலும் வாளும் வில்லுமே.

உலக வரலாறும் இதையே சொல்கின்றது. கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு கூறும் செய்தி ஒன்று உண்டு. நெடுநாள் கழித்து ஊர் திரும்பிய சித்தியரை அடிமைகளின் பிள்ளைகள் எதிர்த்துப் போரிட்டனராம். சித்தியர் வேலையும் வில்லையும் வைத்துவிட்டுக் குதிரைச் சவுக்கைக் கையில் எடுத்தவுடன், எதிர்த்தவர்கள் ஓடிவிட்டனராம். அங்கே வென்றது ஆயுதமன்று, அடிமைப் பழக்கம். தெர்மோப்பிலைப் போரில் பாரசீகத் தலைவர்கள் சாட்டையைச் சுழற்றியது பகைவர்மீதன்று, தம் சொந்தப் படைவீரர்மீது என்றும் அவரே எழுதுகின்றார். உருசியாவின் கோசாக்குப் படையினர் போரில் ஈட்டியும் வாளும் ஏந்தினர். அவர்களின் நகைக்கா என்னும் சவுக்கு, ஆயுதமற்ற மக்கள் கூட்டத்தின்மீதும் பாய்ந்தது.

ஆகவே, சாட்டை போர்வீரனின் கருவியன்று. திருப்பி அடிக்க இயலாதவரை அடிப்பவனின் கருவி.

'சுருள்வாள் மட்டும் எப்படி?' என்பர். சுருள்வாள் எஃகுத் தகடு; அதன் விளிம்பு முழுவதும் வெட்டும். அதனைக்கூட களரியில் இறுதிக் கட்டத்தில்தான் கற்பிப்பர். ஏன்? தவறினால் முதலில் காயப்படுவது வீசுபவனே. பத்து வயதுப் பிள்ளைக்கு இவை இரண்டுமே ஆகாதவை.

இந்த மயக்கத்திற்குத் திரைப்படங்களுக்கும் பங்குண்டு. 1965-இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சாட்டை ஏந்தியதை யார் மறப்பார்? ஆனால், அச்சாட்டை முதலில் கோழை இராமுவை அடக்கி வைத்த கொடியவனின் சாட்டை அல்லவா? அதனைப் பறித்து அவனையே அடித்ததால்தான் கைத்தட்டல் எழுந்தது. 1981-இல் வெளிவந்த முதல் இண்டியானா சோன்சு படத்திலும், வாள்வீரன் எதிரே வந்து நின்றபொழுது கதைநாயகன் சாட்டையை நம்பவில்லை, துப்பாக்கியைத்தான் எடுத்தான்!

தேர்ந்த பெரியவர்கள் மேடையில் சாட்டையைச் சுழற்றிக் காட்டட்டும், அது கலை. அதன் ஓசையை அறிவியல் பாடத்தில் விளக்குவோம், அது அறிவு. ஆனால், 'இது உன்னைக் காக்கும்' என்று சொல்லி ஒரு பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அதனை நம்பி அப்பிள்ளை ஆபத்தின் முன் நிற்கக்கூடும். அல்லது, பக்கத்து மாணவனின் கண்ணைப் பறிக்கக்கூடும்.

முன்னோர் பெருமையை நிலைநாட்டப் பொய் வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கோலைக் கொடுங்கள். காலடி வைக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். ஆபத்து வந்தால் விலகி ஓடவும், பெரியவர்களைக் கூவி அழைக்கவும் சொல்லிக்கொடுங்கள். அதுவே தற்காப்பு.