சொல்லில் எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

விடுமுறைக்குப் பசுமலை வந்திருந்த பேரன் கைப்பேசியில் ‘இத்குயில்’ என்றொரு மொழியைக் காட்டினான். ஜான் கிஹாடா என்ற அமெரிக்கர் பல்லாண்டு உழைத்து, 2004-இல் இணையத்தில் வெளியிட்ட செயற்கை மொழி. அவர் கலிபோர்னியாவில் வாகனப் பதிவுத் துறையில் வேலை பார்த்தவர். என்னைப் போல அரசாங்க ஊழியர்தான். நாம் நீட்டி முழக்கும் வாக்கியம் அதில் ஓரிரு சொல்லில் அடங்கிவிடுமாம்.

“நாம பேசுறதெல்லாம் வீண் செலவு தாத்தா” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மொழியை ஆக்கியவராலேயே அதைச் சரளமாகப் பேச முடியாது. அப்புறம் என்ன சிக்கனம்?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே ‘வெர்’ என்ற ஒரே ஒலிக்குப் பச்சை, புழு, கண்ணாடி என்று பல பொருள். டிக்தே எழுதும்போது முழி பிதுங்கும். இது போதாதென்று 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா சூத்ர் என்பவர் தோ, ரெ, மி என்ற ஏழு சுரங்களை வைத்தே ‘சொல்ரெசொல்’ என்று ஒரு மொழி செய்தார். அதில் ‘மிசொல்’ நல்லது. திருப்பிப் போட்டு ‘சொல்மி’ என்றால் கெட்டது! கொஞ்சம் நாக்குப் புரண்டால் ஆசீர்வாதம் சாபமாகிவிடும்.

நம்மிடம் சுருக்கம் இல்லையா? ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்கே சொல்கிறது. ‘ஆ’ என்றால் பசு. ஆனால் எங்கள் ஊரை யாராவது ‘ஆமலை’ என்றார்களா? தினமும் ஆவின் பால் வாங்குகிறோம். அதில் ஒரு பசு நிற்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ‘மா’ என்றால் மரமா, விலங்கா, இருபதில் ஒரு பங்கா என்று குழம்பும். அதனால்தான் ஜனங்கள் ‘மாமரம்’ என்று நீட்டினார்கள். அது வீண் அல்ல, விவேகம்.

லியோன் நகர ஆய்வாளர்கள் அடங்கிய குழு 17 மொழிகளை அளந்து 2019-இல் ஒரு முடிவு சொன்னது. ஓர் அசையில் அதிகம் திணிக்கும் மொழியை மெதுவாகப் பேசுகிறார்கள். குறைவாக வைக்கும் மொழியை வேகமாகப் பேசுகிறார்கள். கடைசியில் நொடிக்குப் போய்ச்சேரும் சேதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, திணித்து என்ன மிச்சம்?

சுருக்கத்தின் விலை எனக்குத் தெரியும். மதுரையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து ஒரு தந்தி வந்தது. “சீரியஸ். ஸ்டார்ட்.” இரண்டே சொல். யாருக்கு என்று இல்லை. இரவு முழுக்க பஸ்ஸில், யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். விடிந்து வீட்டுத் திண்ணையில் அப்பாவைப் பார்த்த பிறகுதான், போனது அம்மா என்று புரிந்தது.

ஒரே ஒரு சொல் கூடுதலாக இருந்திருக்கலாம். தந்தியை 2013-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கஞ்சத்தனத்தைப் புது மொழி என்று பெயரிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பேரனே, நீ எனக்கு நீட்டியே பேசு. கேட்க எனக்கு நேரம் இருக்கிறது.