"டீச்சர், ரெண்டுக்கு வருது"



தினமும் காலை வணக்கம் படம் போடுகிற டீச்சர் இன்று இதைப் பற்றியா எழுதுகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். மலச்சிக்கலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன மாதம் ஐந்து நாள் வெளிக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது, "ஸ்கூல்ல பாத்ரூம் போவியாம்மா?" அவள் சொன்னாள், "மிஸ் விடமாட்டாங்க. நாத்தமும் அடிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "இப்பதானே இன்டர்வெல் விட்டுச்சு, உட்காரு" என்று முப்பத்து நான்கு வருடம் சொன்னவள் நான். பாதிப் பேர் ஊர் சுற்றத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். மீதிப் பேரை நினைக்கவில்லை.

பெருங்குடல் நீரை உறிஞ்சும். அடக்கினால் மலம் தங்கி, வறண்டு, இறுகிவிடும். போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை மறுபடி அடக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிப்போகும்.

நாங்களும் தப்பவில்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே மாலை வரை ஓட்டிய டீச்சர்கள்தானே! ரிட்டயர் ஆன பிறகும் அந்தச் சிக்கல் என்னை விடவில்லை. எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும். காலை டிபனுக்குப் பிறகு போனை வெளியே வைத்துவிட்டு, முக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

தினமும் போகவில்லையே என்று பேதி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சிரமமில்லாமல் வாரம் 3 முறை போனாலும் அது இயல்புதான். இரும்புச்சத்து, கால்சியம், சில பிரஷர் மாத்திரைகளும் சிக்கலை உண்டாக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, வழக்கம் திடீரென்று மாறினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குக் கீரையும் பழமும் மட்டும் போதாது. போக விட வேண்டும். உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, கை தூக்கும் பிள்ளையை அனுப்பிவிடுங்கள். ஊர் சுற்றினால் சுற்றட்டும், ஐந்து நிமிடப் பாடம்தானே போகும். பெற்றோர்களே, அரை மணி முன்னதாக எழுப்புங்கள். பள்ளிக் கூட்டத்தில் மார்க் கேட்கும்போது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பேத்திக்குச் சில மாதம் மருந்து தொடர வேண்டுமாம். காலையில் அவள் உள்ளே உட்கார்ந்திருக்க, நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் உட்காரச் சொன்ன பிள்ளைகளே, டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்