சேற்றில் இறங்கட்டும் நம் பிள்ளைகள்



எங்கள் வட்டாரமான ஜெலுத்தோங்கின் பெயர் ஒரு மரத்தின் பெயராகும். அதன் பாலிலிருந்து முன்பு சூயிங்கம் செய்தார்கள். அதன் கட்டையிலிருந்து பென்சில் செய்கிறார்கள். ஆயினும், அம்மரத்தை நேரில் கண்ட மாணவர் என் வகுப்பில் ஒருவரும் இலர். கடலின் கதையும் அதுவே. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், நம் பிள்ளைகள் அறிந்தது கரையோரக் குப்பைமேட்டைத்தான். அவ்வாறிருக்க, கல்விச் சுற்றுலா என்றதும் நாம் கேளிக்கைப் பூங்காவையும் பேரங்காடியையுமே நாடுகிறோம். இது முறையா?

பாலத்தைக் கடந்து தென் செபராங் பிறைக்குச் சென்றால் சுங்கை ஆச்சே எனும் மீனவர் பகுதி உண்டு. அலையாத்திக் காடுகள் அழிய அழிய, மீனும் இறாலும் குறைவதைப் பினாங்கின் சிறு மீனவர்கள் கண்டனர். அக்காட்டு வேர்களின் இடையில்தானே மீன்குஞ்சுகள் வளர்கின்றன! எனவே, பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் தாங்களே கன்றுகளை நடலாயினர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னரே நம்மில் பலருக்கு அக்காடுகளின் அருமை புரிந்தது. அவர்களோ ஏழாண்டுகளுக்கு முன்பே சேற்றில் இறங்கிவிட்டனர்.

இன்று மாணவர்களும் வெளியூரார்களும் அங்குச் சென்று, மீனவர்களின் வழிகாட்டலில் கன்று நடுகின்றனர். வருவோர் செலுத்தும் கட்டணம் அச்சமூகத்திற்கே பயன்படுகிறது. காடு நின்றால்தான் மீன். காடு நின்றால்தான் விருந்தினர். பிழைப்பே காட்டை நம்பியிருக்கும்போது, அதைக் காக்க வேறு காவலர் எதற்கு? 2021-இல் யுனெஸ்கோ நமது கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது பெருமைக்குரியதே. எனினும், அருகில் வாழும் மக்கள் பயன்பெறாவிடில் எந்த அறிவிப்பும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஒன்றை மறக்கலாகாது. 'பசுமைச் சுற்றுலா' என்ற பெயரில் பேருந்து பேருந்தாகக் கூட்டத்தை இறக்கி, இலாபத்தை வெளியார் கொண்டுபோனால் காடும் கெடும், ஊரும் கெடும். எத்தனை பேர் வரலாம் என்பதை ஊராரே முடிவு செய்ய வேண்டும். நாமும் ஒரு கன்றை நட்டு, படம் பிடித்துத் திரும்புவதோடு நின்றுவிடக் கூடாது. நட்டதெல்லாம் பிழைப்பதில்லை, அலை அடித்துப் போவதும் உண்டு. மறு ஆண்டும் அதே மாணவர்களை அழைத்துச் சென்று, எஞ்சியவற்றை எண்ணச் செய்வோம். அறிவியலும் கணிதமும் அங்கேயே உள்ளன.

"உடை அழுக்காகுமே, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ" எனப் பெற்றோர் தயங்குவதை நான் அறிவேன். கடல் வற்றும் நேரமறிந்து, மீனவர் துணையோடு, சிறு குழுக்களாகச் செல்வோம். அழுக்கு துவைத்தால் போய்விடும். தான் நட்ட கன்று வேர்பிடித்ததைக் கண்ட பிள்ளை, பிறகு ஒருநாளும் கடலில் குப்பை எறியாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளேன். ஆதரவு தருவீர்களாக.