விரசமில்லா நகை

காதற் படத்தில் சிரிப்பு வேண்டுமாயின் விரசமும் வேண்டும் என்று படமெடுப்போர் சிலர் எண்ணுகின்றனர். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த நம் நாட்டுப் படமாகிய ‘கோமாளிகள்’ அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று.

வானொலி நாடகமே அதன் மூலம். எழுதிய எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும், எஸ். செல்வசேகரன் சிங்கள உபாலியாகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாகவும் தோன்றினர். சில்லையூர் செல்வராசனும் கமலினியும் உடன் நடித்தனர்.

பிறர் பேச்சைத் தம் நாவில் ஏற்றபோது அங்கே நகை பிறந்தது. அன்பின்றி ஏற்றிருப்பின் அது ஏளனமாய் முடிந்திருக்குமன்றோ? மறு ஆண்டே, 1977இல், இந்நாட்டில் இனக்கலவரம் மூண்டது. அதனை நினைக்கையில் அச்சிரிப்பின் அருமை நமக்கு விளங்குகிறது.

நாடகம் எழுதும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: ஒருவனைக் கண்டு நகைக்குமுன் அவன் பேச்சைப் பழகுங்கள்.