சீருக்குக் கலை வேஷமா?

செட்டிநாட்டுப் பெண்களுக்குச் சீராய் வந்த பித்தளை அண்டாக்கள் காரைக்குடிக் கடைகளில் இன்று பழம்பொருளாய் விலைபோகின்றன. கண்காட்சிகளில் அவற்றுக்குக் கலைப் பட்டம் வேறு! கொட்டான் முடைகிற கைக்குப் புகழும் கூலியும் கிடைத்தால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் சீர் வழக்கத்தையே அழகென்று சில மேதாவிகள் கொண்டாடுகிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறோம். நம் சிவகாசியில் தீப்பெட்டி அடுக்கியும் வெடி சுற்றியும் தாய் சேர்த்த கூலி, அண்டாவும் குத்துவிளக்குமாய் மாப்பிள்ளை வீடு போகிறதே, அதில் அழகெங்கே?

பெண் சொத்தில் பங்கு கேட்டால், "சீர்தான் செய்தாயிற்றே" என்று வாயடைக்கத்தானே இந்த அண்டா? சம சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தும் சீர்வண்டி நிற்கவில்லை. அண்டாவைக் காட்சிக்கு வைப்போர் பக்கத்தில் கடன் பத்திரத்தையும் வைப்பார்களா என்று கேட்கின்றோம்.