திரையும் சோதனை மேசையும்

வகுப்பறையில் திரையின் துணையை நாடுவது இந்தியாவுக்குப் புதிதன்று. தில்லியில் 1959-ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிற்று. 1961-ஆம் ஆண்டிலேயே அந்நகரின் பள்ளிகளுக்கெனப் பௌதிகம், ரசாயனம் முதலிய பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. பின்னர் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் வாயிலாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் காலையில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகளும் மாலையில் விவசாயம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகளும் அனுப்பப்பட்டன.

அன்று குறித்த நேரத்தில் வந்து மறைந்த காட்சி, இன்று ஆசிரியரின் கைக்குள்ளேயே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ‘தீக்ஷா’ தளத்தின் பாடக் காணொளிகளை, பாடநூலில் அச்சிட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியால் நோக்கிய அளவிலேயே பெறலாம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2023-24-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, நாட்டின் பள்ளிகளில் 57.2 சதவீதத்தில் கணினியும் 53.9 சதவீதத்தில் இணைய இணைப்பும் இருந்தன. கருவி இல்லாத பள்ளிகளுக்கு அதனை அளிப்பது அரசின் கடமையாகும். கருவி வந்துவிட்ட பள்ளிகளிலோ, அதனை எதற்கு உபயோகிப்பது, எதற்கு உபயோகிக்கலாகாது என்னும் கேள்வி எழுகின்றது. விஞ்ஞானப் பாடத்தைப் பொறுத்தமட்டில் இதற்குத் தெளிவான விடை உண்டு: மாணவன் தன் கையால் செய்து பார்க்கக்கூடிய எதனையும் திரையில் மட்டும் காட்டி நிறுத்திவிடுதல் தகாது.

பிழையற்ற ஊசல்

தனி ஊசலை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், அது பத்து முறை அலைவதற்கு ஏறத்தாழ 20 விநாடிகள் ஆகும். கணினித் திரையில் ஆடும் ஊசல் எத்தனை முறை ஆட்டினும் அதே அளவைத் தவறாது காட்டும். வகுப்பறைச் சன்னலில் கட்டிய ஊசலோ ஒரு குழுவுக்கு 19.4 விநாடியும் மற்றொரு குழுவுக்கு 20.7 விநாடியும் காட்டும். ஒருவன் கடிகாரத்தைத் தாமதமாக நிறுத்தியிருப்பான். ஒருத்தி கல்லின் நடுப்பகுதி வரை அளக்காமல் நூலின் முடிச்சு வரை மட்டும் அளந்திருப்பாள். வேறொருவன் ஓர் அலைவை விட்டு எண்ணியிருப்பான். விடைகள் ஏன் வேறுபட்டன என்று அவர்கள் தங்களுக்குள் வாதிடும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் அளவீடு என்பது யாது, பிழை என்பது யாது, சராசரி எதற்காக என்பன விளங்குகின்றன. பிழையே நேராத ஊசலிடம் இப்பாடத்தைக் கற்க இயலாது.

காந்தம், எரியும் மெழுகுவர்த்தி, செம்பருத்தி மலரின் உறுப்புகள், சுண்ணாம்பு நீரில் ஊதிய மூச்சு ஆகியவையும் இத்தகையனவே. இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். திரை வந்துவிட்டது என்பதற்காகச் சோதனைச் சாமான்கள் அலமாரிக்குள் பூட்டப்படுமாயின், அது முன்னேற்றமாகாது.

திரைக்கு உரியவை

கண்ணுக்கு எட்டாதவை, கைக்கு ஆபத்தானவை, காலத்தால் மிக விரைந்தோ மிக மெதுவாகவோ நிகழ்பவை ஆகியவற்றில் காணொளிக்கு இணையான சாதனம் வேறில்லை. அமீபா இரையைச் சூழ்ந்து விழுங்குவதையும், அந்தமானிலுள்ள பாரன் தீவின் எரிமலையையும், சோடியம் நீரில் பட்டதும் எரிவதையும், 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியதையும் சொற்களால் மட்டும் விளக்குதல் அரிது.

ஆயினும் இங்கும் முறை ஒன்று உண்டு. அவரை விதை முளைப்பதைச் சில விநாடிகளுக்குள் சுருக்கிக் காட்டும் படத்தை முதலிலேயே பார்க்கும் குழந்தை, விதை அவ்வாறே திடுமென முளைப்பதாக எண்ணக்கூடும். ஈரப் பஞ்சில் விதையிட்டுச் சில நாள் காத்திருந்து, நாளொன்றுக்கு ஒரு படமாகத் தானே வரைந்த பின்னர் அதே காட்சியைக் காணும் குழந்தைக்கு, விடுபட்ட மாற்றங்கள் யாவும் புலப்படும்.

படம் ஓடத் தொடங்கியதும் ஆசிரியரின் வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று நிமிடக் காட்சியை இருமுறை நிறுத்தி, ‘அடுத்து என்ன நிகழும்?’ என்று வினவி, விடைகளைக் கரும்பலகையில் எழுதிய பின்னரே தொடர வேண்டும். இணைப்பு நிலையில்லாத இடங்களில் காணொளியை முன்கூட்டியே பதிவிறக்கி, ஒருமுறை முழுதும் பார்த்து வைத்தல் அவசியமாகும்.

அவ்வாறு முன்னரே பார்ப்பதில் மற்றொரு பயனும் உண்டு. இணையத்தில் தமிழ்க் காணொளிகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வேகம்’ எனப்படுவது இலங்கைப் பாடநூலில் ‘கதி’ ஆகும். இங்கு ‘திசைவேகம்’ எனப்படுவதே அங்கு ‘வேகம்’. அங்குள்ள ‘ஒட்சிசன்’ இங்குள்ள ஆக்சிஜனே. இரண்டும் செம்மையான வழக்குகளே எனினும், முன்னறிவிப்பின்றிக் கேட்கும் மாணவன் குழம்புவான். ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியரே விளக்குவது பல சமயங்களில் மேலானதாகும்.

களப் பணியாளர்க்கு

கிராமங்களில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும். 2006-இல் பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ திட்டம், அவ்வட்டார விவசாயிகளையே படம் பிடித்து அண்டை விவசாயிகளுக்குக் காட்டியது. திரையினருகே ஒருவர் நின்று, படத்தை நிறுத்தி, கேள்வி கேட்டு, ஐயங்களைக் குறித்துக்கொள்ளுதல் அத்திட்டத்தின் இன்றியமையாத பகுதியாக இருந்தது. விதை நேர்த்தி பற்றிய காணொளியைக் கைபேசிக் குழுவில் அனுப்பிவிட்டதோடு விரிவாக்கப் பணியாளரின் கடமை தீர்ந்துவிடாது. ஒரு படி விதையைத் தரையில் பரப்பி, மருந்து கலந்து காட்டும்போதுதான் அது நிறைவுறும்.

பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரிகள் இம்மாதத்தில் எத்தனை காணொளிகள் காட்டப்பட்டன என்று கேட்டுக் கணக்கெழுதுவது எளிது. அதனுடன், எத்தனை சோதனைகளை மாணவர்கள் தம் கையால் செய்தனர், காட்சியைக் கண்டபின் என்னென்ன வினாக்களை எழுப்பினர் என்பனவற்றையும் கேட்டுப் பதிவுசெய்வார்களாயின், திரையும் சோதனை மேசையும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். இவ்விரு கேள்விகளையும் பார்வைப் படிவத்தில் சேர்ப்பதற்கு எவ்விதச் செலவுமில்லை.